போக ஓர் இடம் தந்த டாக்டர் அம்மா



புருஷன் அடிக்கிறான் என்று ஊருக்கே தெரிந்தும் ஒரு பெண் ஏன் அந்த வீட்டிலேயே கிடக்கிறாள்? நம்மில் பலரும் இந்தக் கேள்வியைக் கேட்டிருப்போம். பெண்களே பெண்களைப் பார்த்துக் கேட்பதும் உண்டு. ரோஷம் இல்லை, படிப்பு இல்லை, பயந்த சுபாவம், தலைவிதி என்று ஆளுக்கொரு காரணமும் சொல்வோம். ஆனால், அவள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ராத்திரியில் வெளியே வந்தால் எங்கே போய்ப் படுப்பாள் என்று மட்டும் நாம் கேட்பதில்லை.

அந்தக் கேள்வியைக் கேட்டு, அதற்குப் பதிலையும் தன் கையாலேயே செய்து காட்டிய ஒரு தமிழ்ப் பெண்மணியின் வாழ்க்கையை இந்த வாரம் பார்ப்போம். அவர்தான் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார். பெயரைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். பெரிய டாக்டர், சட்டசபையில் உட்கார்ந்த பெண், தேவதாசி முறையை ஒழிக்கப் போராடியவர் என்ற அளவில் பலருக்கும் தெரியும். அவர் எந்தக் காரியத்தை எப்படிச் செய்தார் என்பது பலருக்குத் தெரியாது. நம்ம தோட்டத்துப் பெண்களுக்கு உதவக்கூடிய பாடம் அதில்தான் இருக்கிறது.

பிறந்த வீடு

புதுக்கோட்டை அந்தக் காலத்தில் ராஜா ஆண்ட தனிச் சமஸ்தானம். அங்கே 1886-ம் ஆண்டு ஜூலை 30-ம் தேதி முத்துலட்சுமி பிறந்தார். அப்பா நாராயணசாமி ஐயர் நன்றாகப் படித்தவர், மகாராஜா கல்லூரியின் முதல்வர். அம்மா சந்திரம்மாள் தேவதாசிக் குடும்பத்தில் பிறந்தவர். இப்படி ஒரு கல்யாணத்தை அந்தக் காலத்தில் யார் ஏற்றுக்கொள்வார்கள்? அப்பாவை அவருடைய சொந்தக்காரர்கள் ஒதுக்கி வைத்துவிட்டார்கள். அதனால் முத்துலட்சுமி அம்மா வழி உறவுகளோடுதான் நெருங்கிப் பழகி வளர்ந்தார். அந்த வீட்டுப் பெண்களின் பாடு என்ன என்று அவருக்கு ஏட்டைப் பார்த்துத் தெரிய வேண்டியதில்லை.

தேவதாசி முறை என்றால் என்ன? விவரம் அறியாத வயதுச் சிறுமியைக் கோயில் சாமிக்குக் கட்டிக்கொடுத்ததாகச் சடங்கு செய்வார்கள். அதற்குப் பொட்டுக்கட்டுதல் என்று பெயர். அதற்குப் பிறகு அவளுக்கு வேறு கல்யாணம் கிடையாது. கோயிலில் பாட வேண்டும், ஆட வேண்டும். அந்தக் கலையில் அவர்கள் மகா கெட்டிக்காரிகள். ஒரு காலத்தில் ஊரில் மரியாதையும் இருந்தது. காலம் போகப்போக, அந்தப் பெண்கள் பணக்காரர்களுக்கும் மிராசுதார்களுக்கும் ஆசை நாயகிகளாகப் போகும் நிலைமை வந்தது. சாமி பெயரால் சடங்கு, பெரிய மனுஷன் பெயரால் அனுபவம்! அந்தச் சிறுமியின் சம்மதத்தை யாரும் கேட்கவில்லை. கேட்டாலும் பதில் சொல்லும் வயதா அது?

படிப்புக்குப் பட்ட பாடு

முத்துலட்சுமி பெரிய மனுஷி ஆனதும் அந்தக் கால வழக்கப்படி பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தினார்கள். அம்மாவுக்கு, மகளைக் காலாகாலத்தில் ஒருவன் கையில் பிடித்துக் கொடுத்துவிட வேண்டும் என்ற கவலை. மகளுக்கோ படிப்பின் மேல்தான் கண். அப்பா மகள் பக்கம் நின்றார். வீட்டில் இருந்தபடியே படித்து மெட்ரிகுலேஷன் தேறினார். பிறகு மகாராஜா கல்லூரியில் சேர விண்ணப்பம் போட்டார். ஆண் பிள்ளைகள் மட்டும் படித்த கல்லூரி அது. ஒரு பெண் உள்ளே வந்தால் பையன்கள் கெட்டுப்போவார்கள் என்று எதிர்ப்புக் கிளம்பியது. ராஜா மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் அதைத் தள்ளிவிட்டு அனுமதி கொடுத்தார்.

1907-ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். அங்கே அறுவை சிகிச்சைப் பேராசிரியர் ஒருவர் பெண்களைத் தன் வகுப்புக்குள் விட மாட்டார். அந்தப் பாடத்திலேயே முத்துலட்சுமி முதல் மார்க் எடுத்துக் காட்டியதும்தான் அவர் மனம் மாறினார். 1912-ல் தங்கப் பதக்கங்களோடு பட்டம் வாங்கி, சென்னை அரசு மருத்துவமனையில் வேலைக்குச் சேர்ந்தார்.

1914-ல் டாக்டர் சுந்தர ரெட்டியைக் கல்யாணம் செய்துகொண்டார். கல்யாணத்துக்கு முன்பு அவர் ஒரு நிபந்தனை போட்டார். தன்னைச் சமமாக நடத்த வேண்டும், தன் விருப்பத்துக்குக் குறுக்கே நிற்கக் கூடாது என்பதுதான் அது. நகைநட்டு கேட்கவில்லை, நிலபுலம் கேட்கவில்லை. மரியாதையைக் கேட்டார். மாப்பிள்ளையும் ஒப்புக்கொண்டார், சாகும்வரை சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். நூறு வருஷத்துக்கும் முந்திய கல்யாணம் இது. இன்றைக்கு மண்டபம் பிடித்து, ஆயிரம் பேருக்கு விருந்து வைத்து நடத்துகிற நம்ம வீட்டுக் கல்யாணங்களில், சீர் பேசுகிற பெரியவர்கள் இந்த ஒரு விஷயத்தைப் பேசுகிறார்களா? யோசித்துப் பாருங்கள்.

ஆஸ்பத்திரியில் கண்டது

டாக்டர் வேலைதான் அவரைப் பொது வாழ்க்கைக்கு இழுத்தது என்று சொல்லலாம். 12 வயது, 13 வயதுப் பிள்ளைகள் பிரசவத்துக்கு வருவார்கள். உடம்பு பக்குவப்படாத பிள்ளை இன்னொரு பிள்ளையை எப்படிப் பெறும்? சில சமயம் தாய் போகும், சில சமயம் குழந்தை போகும், சில சமயம் இரண்டும் போகும். மருந்து கொடுக்கிற டாக்டர், இந்த வியாதி மருந்தால் தீராது என்று கண்டுகொண்டார். பிள்ளைக்கு வந்த நோய்க்குக் காரணம் கல்யாணம். கல்யாணத்துக்குக் காரணம் வழக்கம். வழக்கத்தை எந்த மாத்திரை குணப்படுத்தும்?

1925-ல் மேல்படிப்புக்காக லண்டன் போய், பெண்கள், குழந்தைகள் நோய்கள் பற்றிப் படித்துத் திரும்பினார். திரும்பியதும் சென்னை மாகாணச் சட்டசபைக்கு அவரை நியமித்தார்கள். பிரிட்டிஷ் இந்தியாவிலேயே சட்டசபை உறுப்பினரான முதல் பெண் அவர்தான். 1927-ல் அந்தச் சபையின் துணைத் தலைவராகவும் ஒருமனதாகத் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

பதவி வந்தது, நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்துவிடவில்லை. குழந்தைக் கல்யாணத்துக்கு எதிராகப் பேசினார். 1929-ல் இந்தியா முழுமைக்கும் சாரதா சட்டம் வந்தது. பெண்ணுக்கு 14, ஆணுக்கு 18 என்று குறைந்தபட்ச வயது வைத்தார்கள். அம்மையார் போன்றவர்கள் கேட்டது அதைவிடக் கூடுதலான வயது. கிடைத்தது இவ்வளவுதான். விபசார விடுதிகளை மூடுவதற்கான சட்டம் சென்னை மாகாணத்தில் 1930-ல் நிறைவேறியதிலும் அவருடைய உழைப்பு இருந்தது.

முதலில் நிலம்

இனி நான் சொல்லப்போவதைக் கவனமாகப் படியுங்கள்.

தேவதாசிப் பெண்களுக்குக் கோயில் மானியமாக நிலம் இருந்தது. அந்த நிலம் கோயில் ஊழியத்தோடு கட்டிப்போட்ட நிலம். ஊழியம் செய்தால் நிலம் உண்டு. ஊழியத்தை விட்டால் நிலமும் போச்சு. ஒரு தாய், தன் மகளுக்குப் பொட்டுக்கட்ட வேண்டாம், அவள் படிக்கட்டும், கல்யாணம் செய்துகொண்டு குடும்பமாக இருக்கட்டும் என்று ஆசைப்பட்டால் என்ன ஆகும்? அடுத்த தலைமுறைக்குச் சோறு கிடையாது. அதனால் மனசு வலித்தாலும் அந்தத் தாய் மகளைக் கொண்டுபோய்க் கோயிலில் நிறுத்துவாள். வெளியே இருந்து பார்க்கிறவன், தாயே மகளை விற்கிறாள் என்று ஏசுவான். வயிற்றைக் கட்டிய கயிறு அவன் கண்ணுக்குத் தெரியாது.

அம்மையாருக்கு அந்தக் கயிறு தெரிந்தது. அவர் பிறந்த குடும்பம் அது. ஆகவே முதல் வேலையாக அந்த முடிச்சில் கை வைத்தார். 1929-ல் சென்னை மாகாணத்தின் இந்து அறநிலையச் சட்டத்துக்கு ஒரு திருத்தம் கொண்டுவந்து நிறைவேற்றினார். அதன்படி மானிய நிலத்துக்கும் கோயில் ஊழியத்துக்கும் இருந்த தொடர்பு அறுந்தது. ஊழியத்தை விட்டாலும் நிலம் கையை விட்டுப் போகாது.

பொட்டுக்கட்டுவதையே தடை செய்யும் மசோதாவை அதற்குப் பிறகுதான், 1930-ல் கொண்டுவந்தார். இந்த வரிசையைப் பாருங்கள். ஒழி, நிறுத்து என்று சட்டம் பேசும் முன்பு, வெளியே வருகிறவளுக்குச் சாப்பாட்டுக்கு வழி பண்ணினார்.

எதிர்ப்பு சும்மா வரவில்லை. இது சாஸ்திரத்தில் கை வைக்கிற வேலை, கோயில் கலையே அழிந்துபோகும் என்று பெரிய பெரிய ஆட்கள் கிளம்பினார்கள். காங்கிரஸ் தலைவர் சத்தியமூர்த்தியே எதிர்ப்பாளர் வரிசையில் நின்றார். தேவதாசிப் பெண்களிலும் ஒரு பகுதியினர் சங்கமாகக் கூடி எதிர்த்து மனுக் கொடுத்தார்கள். திருவையாற்றில் தியாகராஜருக்குச் சமாதிக் கோயில் எழுப்பிய பெங்களூர் நாகரத்தினம்மாள் போன்ற பெரும் கலைஞர்களும் அதில் உண்டு. எல்லாரையும் ஒரே தராசில் போட்டு நிறுக்கிறீர்களே, எங்கள் கலையும் மானமும் என்ன ஆவது என்பது அவர்களுடைய கேள்வி. அந்தக் கேள்வியிலும் நியாயம் இல்லாமல் இல்லை. பரம்பரையாக ஆடியும் பாடியும் வந்த பல குடும்பங்கள் பின்னாளில் மேடை இழந்து வாடியது உண்மை.

மறுபக்கம், அதே குலத்தில் பிறந்து அந்தக் கொடுமையை அனுபவித்த மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் ஊர் ஊராகப் போய்ப் பொட்டுக்கட்டுவதை நிறுத்தச் சொல்லிப் பிரசாரம் செய்தார். 1936-ல் அதைப் பற்றி ஒரு நாவலும் எழுதினார். சட்டசபைக்குள் ஒரு அம்மையார், தெருவில் ஒரு அம்மையார்! இரண்டு பேரும் சேர்ந்துதான் தேரை நகர்த்தினார்கள்.

ஆனால், தேர் நிலைக்கு வர நாளாயிற்று. 1930-ல் காந்தியடிகளை வெள்ளைக்காரன் கைது செய்ததும், அதைக் கண்டித்து முத்துலட்சுமி அம்மையார் பதவியைத் தூக்கிப் போட்டார். மசோதா அப்படியே கிடந்தது. கடைசியில் 1947-ல், ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் முதன்மந்திரியாக இருந்தபோதுதான் தேவதாசி ஒழிப்புச் சட்டம் நிறைவேறியது. 1930-லிருந்து 1947 வரை, 17 வருஷம். 1930-ல் பிறந்த பெண் குழந்தை சட்டம் வரும்போது குமரியாகியிருப்பாள்.

ராத்திரி தட்டிய கதவு

சட்டம் வரும்வரை அந்த 17 வருஷமும் பெண்கள் என்ன செய்வார்கள்? இதற்கான பதில் அம்மையாரின் வீட்டு வாசலுக்கே வந்தது.

1930-ல் ஒரு நாள், தேவதாசிக் குடும்பத்துப் பெண் பிள்ளைகள் 3 பேர் அவருடைய வீட்டுக் கதவைத் தட்டினார்கள். பொட்டுக்கட்டுக்குத் தப்பி ஓடி வந்தவர்கள். இவர்களைப் படிக்க வைக்கலாம் என்று அம்மையார் விடுதி விடுதியாகக் கேட்டுப் பார்த்தார். தாசி குலத்துப் பெண்களைச் சேர்த்தால் மற்ற பிள்ளைகளின் பெற்றோர் சண்டைக்கு வருவார்கள் என்று கை விரித்துவிட்டார்கள். மேடையில் அந்தப் பெண்களுக்காகக் கண்ணீர் விட ஆள் இருந்தது. வீட்டுக்குள் விட ஆள் இல்லை!

அம்மையார் அவர்களைத் தன் வீட்டிலேயே வைத்துக்கொண்டார். அந்த 3 பேரோடு தொடங்கியதுதான் அவ்வை இல்லம். பிறகு அது சென்னை அடையாற்றில் நிலைபெற்றது. கைவிடப்பட்ட பெண்கள், விதவைகள், அநாதைக் குழந்தைகள் என்று போக்கிடம் இல்லாத எல்லாருக்கும் அங்கே இடம் கிடைத்தது. என்ன சாதி, யார் பிள்ளை, என்ன நடந்தது என்று வாசலில் நிறுத்தி விசாரணை நடத்தவில்லை. முதலில் சோறும் பாயும் கிடைக்கும். பிறகு படிப்பும் கைத்தொழிலும். அங்கே வளர்ந்த பெண்கள் ஆசிரியைகளாகவும் நர்ஸுகளாகவும் சொந்தக் காலில் நின்றார்கள்.

சட்டம் வருவதற்கு 17 வருஷம் ஆனது. கதவைத் திறப்பதற்கு ஒரு ராத்திரி போதுமாக இருந்தது.

இன்னொரு பெரும் தொண்டையும் சொல்லாமல் விடக்கூடாது. 1923-ல் அவருடைய தங்கை புற்றுநோயால் செத்துப்போனார். தங்கை பட்ட வேதனை அவர் மனசை விட்டு அகலவில்லை. ஏறக்குறைய 30 வருஷம் கழித்து, 1952-ல் பிரதமர் நேரு அடிக்கல் நாட்ட, 1954-ல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனை 12 கட்டில்களோடு தொடங்கியது. அம்மையாரின் மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும் அதில் சேர்ந்து உழைத்தார். இன்று உலகமே அறிந்த ஆஸ்பத்திரி அது. 1956-ல் இந்திய அரசாங்கம் அம்மையாருக்குப் பத்மபூஷண் பட்டம் கொடுத்தது. 1968-ம் ஆண்டு ஜூலை 22-ம் தேதி, 82-வது வயது நிறைவதற்கு 8 நாள் இருக்கும்போது அவர் கண்ணை மூடினார். தமிழ்நாட்டு அரசாங்கம் ஏழைக் கர்ப்பிணிகளுக்குக் கொடுக்கும் மகப்பேறு உதவித் திட்டத்துக்கு அவர் பெயரைத்தான் வைத்திருக்கிறது.

மானிய நிலமும் லயத்து வீடும்

இப்போது நம்ம பேராக் பக்கம் வருவோம். புதுக்கோட்டைக் கோயில் நிலத்துக்கும் சுங்கை சிப்பூட் லயத்து வீட்டுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். ரொம்பச் சம்பந்தம் உண்டு.

ரப்பர்த் தோட்டத்தில் வீடு யாருடையது? கம்பெனியுடையது. வேலை இருக்கும்வரை வீடு, வேலை போனால் சாமான் சட்டியோடு வெளியே. கிராணி ஆபீஸ் புத்தகத்தில் பெரும்பாலும் குடும்பத் தலைவன் என்று புருஷன் பெயர்தான் இருக்கும். அவளும் விடியலில் எழுந்து பெரட்டுக்குப் போய், மரம் வெட்டி, பால் எடுத்து, ஸ்டோரில் ஊற்றிவிட்டு வந்தவள்தான். இருந்தும் அடி தாங்காமல் அவள் வெளியே வந்தால், புருஷனோடு வீடும் போகும். அதே தோட்டத்தில் வேறு வீடு கிடைக்காது. அம்மா வீடு இன்னொரு தோட்டத்தில், அதுவும் இரண்டு அறை, அதுவும் கம்பெனி வீடு. ஊழியத்தோடு நிலத்தைக் கட்டியது போல, வேலையோடும் புருஷனோடும் கூரையைக் கட்டி வைத்திருந்தார்கள். கல்லானாலும் கணவன் என்று அவள் கிடந்ததற்குப் பக்தி மட்டும் காரணமில்லை ஐயா, கூரையும் காரணம்!

இன்றைக்குக் காலம் மாறிவிட்டது. ஈப்போவைச் சுற்றி இருந்த ரப்பர்க் காடுகள் பல செம்பனையாகவும் வீடமைப்புத் திட்டங்களாகவும் போய்விட்டன. நம்ம ஜனங்கள் பலர் மலிவு விலை அடுக்குமாடிகளுக்கும் கம்பங்களுக்கும் குடிபெயர்ந்துவிட்டார்கள். லயத்தில் சத்தம் போட்டால் பத்து வீட்டுக்காவது கேட்கும். ஒரு கிழவியாவது வந்து கதவைத் தட்டி அதட்டுவாள். அடுக்குமாடியில் இரும்புக் கதவைச் சாத்திவிட்டால் உள்ளே நடப்பது எதிர்வீட்டுக்கும் தெரியாது. இடம் மாறினாலும் பிரச்சினை கூடவே மூட்டை கட்டிக்கொண்டு வந்துவிட்டது.

நம்ம நாட்டுச் சட்டம் என்ன சொல்கிறது?

சட்டம் இல்லை என்று யாரும் சாக்குச் சொல்ல முடியாது. மலேசியாவில் பெண்கள் அமைப்புகள் 1985 முதல் கூட்டாகச் சேர்ந்து போராடின. கெடாவில் தோட்டத்துச் சூழலில் வளர்ந்த ஐரீன் பெர்னாண்டஸ் போன்றவர்கள் அதில் முன் நின்றார்கள். குடும்ப வன்முறைச் சட்டம் 1994-ல் நிறைவேறி, 1996-ல் அமலுக்கு வந்தது. இங்கேயும் பத்து வருஷத்துக்கு மேல் ஆனதைக் கவனியுங்கள்.

இந்தச் சட்டத்தில் நம்மவர்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயங்கள் சில உண்டு.

கோயிலில் தாலி கட்டியதோடு சரி, கல்யாணத்தைப் பதிவு செய்யவில்லை, அதனால் சட்டம் நமக்கு உதவாது என்று பல பெண்கள் நினைக்கிறார்கள். அது தப்பு. மத வழக்கப்படியோ சமூக வழக்கப்படியோ சடங்கு நடந்திருந்தால் போதும், பதிவு இல்லாவிட்டாலும் இந்தச் சட்டம் அவளைப் பாதுகாக்கும். பிள்ளைகள், வயதான பெற்றோர், மற்ற குடும்பத்தினர், பிரிந்துபோன முன்னாள் புருஷனிடம் அடிபடுகிறவள் என்று எல்லாருக்கும் இது பொருந்தும்.

போலீஸில் புகார் கொடுத்து விசாரணை நடக்கும்போதே, அடிக்கிறவன் நெருங்காமல் இருக்க மாஜிஸ்திரேட் கோர்ட்டில் இடைக்காலப் பாதுகாப்பு உத்தரவு வாங்கலாம். 2017-ல் சட்டத்தைத் திருத்தி அவசரப் பாதுகாப்பு உத்தரவு என்று ஒன்றைச் சேர்த்தார்கள். அதைச் சமூக நல இலாகா அதிகாரியே கொடுக்கலாம். போலீஸ் புகாருக்கு முன்பே வாங்கலாம், 7 நாள் செல்லும்.

இன்னொன்று. வழக்கு கோர்ட்டுக்குப் போய்ப் பாதுகாப்பு உத்தரவு கொடுக்கும்போது, அந்த வீட்டில் அவளும் பிள்ளைகளும் இருக்கட்டும், அடித்தவன் வெளியே போகட்டும் என்று நீதிபதி சொல்லலாம். வீடு யார் பெயரில் இருக்கிறது என்பது அதற்குத் தடை இல்லை. முத்துலட்சுமி அம்மையார் 1929-ல் அறுத்த முடிச்சு இதே முடிச்சுதான்!

கல்யாண வயதும் அப்படித்தான். 1982-ல் அமலுக்கு வந்த சட்டப்படி, முஸ்லிம் அல்லாதவர்களுக்கு 18 வயது ஆக வேண்டும். 16 வயது முடிந்த பெண்ணுக்கு மந்திரி பெசாரின் தனி அனுமதி இருந்தால்தான் முடியும். பிள்ளை தப்புத்தண்டாவில் மாட்டிக்கொள்வாளே என்று பயந்து 15 வயதில் கோயிலில் தாலி கட்டி வைப்பது, பிள்ளையைக் காப்பாற்றுகிற வேலை ஆகாது.

இவ்வளவும் இருந்தும் ஏன் பெண்கள் தவிக்கிறார்கள்? தோட்டத்திலிருந்து போலீஸ் நிலையம் எட்ட இருக்கும், ராத்திரியில் வண்டி கிடைக்காது. போனாலும் மலாயில் வாக்குமூலம் சொல்லத் தடுமாறுவாள். இது புருஷன் பொண்டாட்டி தகராறு, போய்ச் சமாதானமாக இருங்கள் என்று எவராவது திருப்பி அனுப்பினால் அவளுக்கு அடுத்த அடி எடுத்து வைக்கத் தெம்பு இருக்காது. வீட்டுக்கு வந்தால் பஞ்சாயத்து. பஞ்சாயத்தில் உட்கார்ந்திருப்பவர்கள் அவனுடைய கூட்டாளிகள். பிள்ளைகள் முகத்தைப் பார் என்று சொல்லி, கொடுத்த புகாரை வாபஸ் வாங்க வைத்துவிட்டு, எல்லாரும் காப்பி குடித்துவிட்டுக் கலைந்துபோவார்கள். அன்றைக்கு ராத்திரி அவள் கதி என்ன?

நாம் செய்யக்கூடியது

ஆளுக்கொரு அவ்வை இல்லம் கட்ட நம்மால் ஆகாது. ஆனால், அம்மையார் முதல் நாள் செய்ததை நாம் செய்யலாம். அவர் கதவைத் திறந்தார், அவ்வளவுதான்.

ஒவ்வொரு தோட்டத்திலும், ஒவ்வொரு அடுக்குமாடியிலும் இரண்டு வீடாவது இருக்க வேண்டும். எந்த நேரத்தில் ஒரு பெண் பிள்ளைகளோடு வந்து நின்றாலும் கேள்வி கேட்காமல் உள்ளே விடுகிற வீடு. அது யார் வீடு என்று பெண்களுக்குள் தெரிந்திருந்தால் போதும். கோயில் கமிட்டியும் மாதர் பிரிவும் சேர்ந்து உட்கார்ந்தால் ஒரே மாலையில் இதை முடிவு செய்துவிடலாம்.

அவளுடைய ஐ.சி., பிள்ளைகளின் பிறப்புப் பத்திரம், பேங்க் புத்தகம், மருந்து அட்டை ஆகியவற்றின் நகலை நம்பிக்கையான ஒருத்தியிடம் முன்கூட்டியே கொடுத்து வைக்கட்டும். ராத்திரியில் ஓடி வருகிறவளுக்குப் பெட்டி தேட நேரம் இருக்காது.

அடிபட்டவளை முதலில் அரசாங்க ஆஸ்பத்திரி அவசரப் பிரிவுக்குக் கூட்டிப் போங்கள். அடிபட்ட பெண்களைக் கவனிப்பதற்கென்று தனி ஏற்பாட்டை 1990-களிலேயே கோலாலம்பூர் பெரிய ஆஸ்பத்திரியில் தொடங்கி, பிறகு மற்ற ஆஸ்பத்திரிகளுக்கும் கொண்டுவந்தார்கள். டாக்டர் எழுதும் குறிப்பு பின்னால் கோர்ட்டில் சாட்சி. கால் வழுக்கி விழுந்தேன் என்று பொய் சொல்லாதபடி அவளுக்குத் தைரியம் கொடுங்கள். கூட நிற்க ஒரு பெண் போனால் பாதிப் பயம் போய்விடும்.

தாலியான் காசே என்ற அரசாங்கத் தொலைபேசி உதவி உண்டு. எண் 15999. இரவும் பகலும் எடுப்பார்கள். ஈப்போவிலேயே பேராக் விமன் ஃபார் விமன் என்ற பெண்கள் சங்கம் 2003 முதல் வேலை செய்து வருகிறது. இந்த எண்ணையும் பெயரையும் காலண்டரில் எழுதி மாட்டினால் அவன் கண்ணில் படும். பிள்ளையின் பள்ளி நோட்டின் பின்பக்கம் எழுதி வைக்கலாம்.

சங்கத் தோழர்களுக்கும் ஒரு வார்த்தை. சம்பளத்துக்கும் போனஸுக்கும் தொரையோடு வாதாடத் தெரிந்த நமக்கு, வீடு ஒதுக்கும்போது பெண் தொழிலாளியின் பெயரிலும் வீட்டைப் பதியச் சொல்லிக் கேட்கத் தெரியாதா? கணவனைப் பிரிந்தாலும் அவள் வேலையில் இருக்கும்வரை அவளுக்குக் கூரை உண்டு என்று எழுத்தில் வாங்க முடியாதா? கூலி உயர்வைப் போல இதுவும் ஒரு கோரிக்கைதான்.

கடைசியாக ஆம்பிளைகளுக்கு. உழைத்து அலுத்து வருகிறோம், கவலைக்குக் கொஞ்சம் குடிக்கிறோம், கோபம் வந்துவிடுகிறது என்று காரணம் சொல்கிறவர்கள் உண்டு. அதே கோபம் தொரை முன்னால் வருகிறதா? தண்டல் மேல் கை நீள்கிறதா? அங்கெல்லாம் கை கட்டி நிற்கத் தெரிந்தவனுக்கு வீட்டிலும் கையை அடக்கத் தெரியும். சுந்தர ரெட்டி பெரிய டாக்டர், பெரிய இடத்துப் பிள்ளை. பெண்டாட்டிக்குச் சமமாக நடந்ததால் அவர் பெயர் கெட்டுப்போகவில்லை. நூறு வருஷம் கழித்து, ஈப்போவில் இருந்துகொண்டு நாம் அவரைப் பாராட்டிப் பேசிக்கொண்டிருக்கிறோம்.

முத்துலட்சுமி அம்மையாருக்குச் சிலை வைப்பதும் மாலை போடுவதும் சுலபம். அவர் கேட்ட கேள்வியை நாமும் கேட்பதுதான் அவருக்குச் செய்யும் மரியாதை. ஏன் அவள் வெளியே வரவில்லை என்று கேட்பதை நிறுத்துவோம். வந்தால் எங்கே போவாள் என்று கேட்போம். அந்தக் கேள்விக்கு நம்ம தோட்டத்தில், நம்ம அடுக்குமாடியில் பதில் இருக்கிறதா என்று இந்த ஞாயிற்றுக்கிழமை கோயில் கூட்டத்தில் எழுந்து கேளுங்கள். பதில் இல்லை என்றால், யார் வீட்டுக் கதவு திறக்கும் என்பதை அங்கேயே, அப்போதே முடிவு செய்துவிட்டுக் கலையுங்கள்.